சொந்தக்காரர்

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும்,
ஒரு பக்கம் நீயும் எழுது என்றார் அவர் மனைவி.
எனக்கு எழுத வராது. அடிக்கத்தான் வரும்.
முல்லைத்தீவு நீதிமன்றத்துக்கு எதிரே
தகரக் கொட்டிலில்
பதினொரு வருஷம் அவர் சொல்லச் சொல்ல அடித்தவள்.

சந்தியில் கட்டிய பனரில்
‘ஏழைகளின் தோழன்’ என்று போட்டிருக்கிறார்கள்.
தோழன் என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை.
லோயர் என்றார்கள்.
கோபம் வந்தால் விசர் லோயர்.
ஒரு காற்புள்ளி பிழைத்தால்
கடதாசியைக் கிழித்து எறிவார்,
பிறகு போய் ஒரு பிளேன்ரீ வாங்கி வந்து
மேசையில் வைப்பார்.
மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிசன்.

ஒரே ஒரு கறுப்புக் கோட்டு.
ஒட்டுசுட்டானில் இருந்து வரும்வரை
சொப்பின் பையில் சுருண்டு
மோட்டார் சைக்கிளில் தொங்கும்.
மாரியில் அவர் நனைந்து வருவார்
கோட்டு காய்ந்து வரும்.

தவிசாளராய் இருந்த காலத்தில்
என்னத்தைக் கிழித்தார் என்று கேட்பவர்களுக்கு:
பஸ் தரிப்பிடத்தில்
பெண்களுக்கு ஒரு மலசலகூடம் கட்டினார்.
சிரிக்க வேண்டாம்.
அதற்கு முன்னம்
பிள்ளைக்குப் பிணை கேட்டு வந்த தாய்மார்
விடிய ஐந்து மணி பஸ்ஸில் ஏறிப்
பொழுதுபடும்வரை
ஒரு மிடறு தண்ணி குடிக்கமாட்டார்கள்.
அடுத்த தேர்தலில்
நாற்பத்திரண்டு வாக்கால் தோற்றார்.
தாழ்ப்பாள் இன்னும் ஒழுங்காகப் பூட்டுது.

உறுதி என்றால் இங்கே மனத்திடம் இல்லை.
உறுதி என்றால் காணிக் கடதாசி.
வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாரின் வேலி,
உள்ளே நிற்கும் பனை, பலா, கிணற்றில் பாதி.
இடம்பெயர்ந்த அந்த மாசியில்
சனம் நம்பிக் கொடுத்த ஐம்பத்தொரு உறுதியையும்
பால்மாப் பேணிகளில் சுருட்டி
மூடியில் மெழுகு உருக்கி ஊற்றிச்
சைக்கிளில் கட்டினார்.
அரிசிக்கு இடமில்லை.
மனைவி மூன்று நாள் கதைக்கவில்லை.
பங்கருக்குள் பேணிகள் முதல் இறங்கின,
அவர் பிறகு.

முகாமில் தண்ணி வரிசை.
எனக்குப் பதினாலு வயது, கையில் மஞ்சள் கான்.
தாடியோடு ஒருவர் வந்து நின்று
நீதிமன்றத்தில் கூப்பிடுவதுபோல் மும்முறை கூப்பிட்டார்:
கதிரித்தம்பி நாகம்மா
கதிரித்தம்பி நாகம்மா
கதிரித்தம்பி நாகம்மா.
வரிசை திரும்பிப் பார்த்தது.
ஒருவரும் வரவில்லை.
மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும்.
விசர் லோயர் என்ற பெயர்
அங்கேதான் விழுந்தது.

நாற்பத்துமூன்று பேர் கைநீட்டி வாங்கினார்கள்.

அவருடைய வளவு கம்பிவேலிக்கு உள்ளே கிடந்தது.
அந்த மனுவையும் நான்தான் அடித்தேன்.
‘மனுதாரர்’ என்ற இடம் வந்ததும்
கொஞ்சம் நிறுத்தி
மகாலிங்கசிவம் என்று
ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்,
எனக்குத் தெரியாத ஆரோ ஒருவர்போல.
ஏழு வருஷம் தவணை, மேலும் தவணை.
போன வியாழன் வழக்கைக் கூப்பிட்டபோது
இளம் சட்டத்தரணி ஒருவர் எழும்பி
மனுதாரர் காலமாகிவிட்டார் என்றார்.
நீதவான் பேனையை வைத்தார்.
பிறகு எடுத்து
ஆவணி பதினெட்டு என்று எழுதினார்.

கல்வெட்டில் தேவாரம் இருக்கு,
வம்சாவளி இருக்கு,
கோட்டுப் போட்ட படம் இருக்கு.
கடைசிப் பக்கம் வெறுமையாய்க் கிடந்தது.
அலுமாரியில் மிஞ்சின பேணிகளை இறக்கி
எட்டுப் பெயரையும் அதில் அடித்தேன்,
நாகம்மா முதலாவது,
கீழே என் தொலைபேசி இலக்கம்.

அச்சகக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார்,
ஆர் பிள்ளை இவை,
சொந்தக்காரரோ?

ஓம் என்றேன்.